பன்னிரண்டாம் பாடம்

மழை விடைபெற்றுப் போயிருந்தது. பனி இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கூதிர் நாள்கள், பெருங்கூட்டம் கலைந்துபோன மண்டபத்தைப் போல் வெறிச்சென்று கிடந்தன. பல நாள் பேசித் தீர்த்த வானம் வாய்மூடி நின்றது. மரங்கள் நனைந்த இலைகளை ஒவ்வொன்றாக மண்ணில் வைத்துக்கொண்டிருந்தன. வாடை மட்டும் தெருமுனையில் நின்று யாரையோ விசாரித்துவிட்டு, பதில் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தது. மனம் தானாகத் தணிந்து, வராத ஒரு சொல்லுக்குச் செவிசாய்த்திருக்கும் பருவம் அது.

அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், சன்னலோர நாற்காலியில், அந்தப் பருவமே உருக்கொண்டாற்போல் அமர்ந்திருந்தாள் ஒரு தாய். பக்கவாதம் வந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. வலக்கை செயலிழந்தது, பேச்சும் அதனோடு போயிற்று. பசித்தால் தட்டைப் பார்ப்பாள். களைத்தால் கட்டிலைப் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் சன்னலைப் பார்ப்பாள்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்ட் எந்தத் தளத்தில், எந்த உருளையில் முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். “அவன் காதுக்குத்தான் சம்பளம், கை சும்மா கூடவே வருது” என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அத்தகைய காதுக்கு, சொந்தத் தாயின் மௌனத்தில் ஓர் இழைகூடப் பிடிபடவில்லை.

வாரம் இருமுறை வந்துபோகும் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்மணி அன்று அவனைத் தனியே அழைத்தார்.

“நாம பேசுறது அவங்களுக்குப் புரியுது. அவங்க சொல்ல நெனைக்கிறது வெளிய வரத்தான் வழியில்ல. ஆனா சின்ன வயசுலயே நாக்குல ஊறினது சிலபேருக்குத் தானா வந்துடும். எண்ணுறது, கும்பிடும்போது சொல்றது, யாரையாவது வழியனுப்புறது, இந்த மாதிரி. அம்மா முதல்ல பேசின மொழி எது?”

“இந்த ஊர் மொழி இல்லீங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவங்க. மலைக்கு அந்தப் பக்கம்.”

“உங்களுக்குத் தெரியும்ல? நீங்களே பேசலாமே. வாதம் வந்த முதல் மூணு மாசந்தான் முக்கியம், அத மட்டும் விட்டுடாதீங்க.”

அவன் தலைகுனிந்தான். அவனுக்குத் தெரிந்தவை நான்கே சொற்கள்: வா, சாப்பிடு, தூங்கு, போதும். ஒன்பது வயதில், பள்ளி வாசலில் தாய் அந்த மொழியில் அவனைக் கூப்பிட்டாள். உடனிருந்த பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். வீடு திரும்பும் வழியில், “இனிமே அந்தப் பேச்சு பேசாதம்மா, மானம் போகுது” என்றான். அவள் பேசவில்லை. வெளியில் மட்டுமன்று, வீட்டுக்குள்ளும் பேசவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக மகனின் அந்த ஒரு சொல்லைக் காத்து நின்றாள். அம்மொழியைக் கொஞ்சம் அறிந்திருந்த தந்தையும் மறைந்துவிட்டார். அம்மொழியைப் பேச இந்த ஊரில் இன்னொரு நா இல்லை என்றே அவன் நம்பியிருந்தான்.

அவன் மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

“ஏங்க, அத்தை ஸ்கூல் லைப்ரரியில வேலை பார்த்தப்போ, ரிட்டயர் ஆகுற கடைசி வருஷம் பூரா வியாழக்கிழமையானா ஒரு மணி நேரம் லேட்டா வருவாங்களே. எதுக்குன்னு கேட்டிருக்கீங்களா?”

“லைப்ரரி வேலைன்னு நெனச்சேன்.”

“நீங்க நெனப்பீங்க. எங்கிட்ட ஒருநாள் சொன்னாங்க, ‘ரேடியோ டீச்சர் கூட எங்க ஊர்ப் பேச்சு பேசிட்டு இருந்தேன்’னு. முகமெல்லாம் சிரிப்பு. போய்ப் பாருங்களேன்.”

மறுநாள் பிற்பகல் அவன் பள்ளிக்குப் போனான். நூலகத்தைக் கடந்து, தாழ்வாரத்தின் கோடியில், கதவு பாதி திறந்திருந்த வகுப்பறையை நெருங்கும்போது கால் நின்றுவிட்டது.

டொக், டொக்.

மேசைகளில் விரல்கள் இருமுறை தட்டும் ஒலி. அதைத் தொடர்ந்து இருபத்துமூன்று பிள்ளைகளின் குரலில் ஒரு வாக்கியம். பொருள் அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் மூச்சை இழுக்கும் விதமும், நடுவில் படியேறி நிற்பவரைப் போன்ற சிறு தயக்கமும், கடைசிச் சொல்லைக் கீழே போடாமல் மெல்ல இறக்கிவைக்கும் பதமும் அவன் தாயுடையவை. ஒரு தொண்டையில் அணைந்துபோன விளக்கு இருபத்துமூன்று தொண்டைகளில் எரிந்துகொண்டிருந்தது.

“யாருங்க? உள்ள வாங்க” என்று வெளியே வந்தார் ரேடியோ டீச்சர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கழுத்தில் மணிமாலைக்குப் பதிலாக ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவன் இன்னார் மகன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. நிலைமையைச் சொன்னதும் அந்த மலர்ச்சி அப்படியே வாடியது. பிள்ளைகளும் அமைதியானார்கள். முதல் வரிசையில் இருந்த இரட்டைப் பின்னல்காரி மட்டும் பொறுக்கவில்லை. ‘வாயாடி’ என்று வகுப்பே கூப்பிடும் பெண்.

“அங்கிள், நீங்க லைப்ரரி அம்மாவோட பையனா? லிஃப்ட் ரிப்பேர் பண்றவரா?”

“ஆமாம்மா. உனக்கு எப்படித் தெரியும்?”

“ஐயோ, நீங்கதான் பன்னிரண்டாம் பாடம்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டொக், டொக் என்று தட்டிவிட்டு அவள் அந்தப் பாடத்தைச் சொன்னாள், பிறகு மொழிபெயர்த்தாள்: “என் மகன் மனிதரை மேலே ஏற்றுகிறான். பத்திரமாக இறக்கியும் விடுகிறான்.”

அவன் மறுத்த மொழியிலேயே அவனைத் தாய் வாழ்த்திக்கொண்டிருந்தாள். அது தெரியாமலே அவன் வாழ்ந்திருந்தான்.

“அப்போ நீங்க சூப்பரா பேசுவீங்கள்ல?”

“இல்லம்மா. எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும்.”

“நாலா? நாங்க முதல் வாரத்துலயே இருபது!”

“வாயாடி, கொஞ்சம் வாய்க்குப் பூட்டுப் போடு” என்றார் டீச்சர். பிறகு அவன் பக்கம் திரும்பினார். “நான் புத்தகம் வெச்சு நடத்துறதில்ல தம்பி. வருஷத்துக்கு ஒரு மொழி, அதுக்கு இந்த ஊர்லயே ஒரு குரல். போன வருஷம் பூட்டுச் சாவி செய்றவர். இந்த வருஷம் உங்க அம்மா. அவங்க ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சுக்கிட்டேன். அவங்க வாழ்க்கைதான் பாடம். வருஷக் கடைசியில அஞ்சு பேர் அந்த வீட்டுக்கு விருந்தாளியாப் போகணும். வீட்டுக்காரங்களுக்குச் சலிப்புத் தராம திரும்பி வரணும். அதுதான் பரீட்சை.”

எத்தனை பேர் மொழியைச் சந்தைக்குப் போகும் பை போலப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள்! இந்த அம்மையாரோ, அதை ஒருவர் வீட்டு வாசலாகக் காட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகக் கற்றுத்தந்திருந்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு. அதற்குமுன் ஓர் ஐயம் தீர வேண்டியிருந்தது.

“டீச்சர், பேசுறதுக்கு முன்னாடி எதுக்கு ரெண்டு தட்டு?”

வாயாடி முந்திக்கொண்டாள். “அது அந்த மொழியோட மரியாதை அங்கிள். ரெண்டு தடவ தட்டிட்டுத்தான் பேச ஆரம்பிக்கணும். எல்லாப் பாடத்துலயும் இருக்கே.”

அவன் ஒரு நொடி விழித்தான், பிறகு சிரித்தான். ஏழு வாரங்களில் முதன்முறையாக, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“அது மொழி இல்லம்மா, எங்க அம்மா! லைப்ரரியில புத்தகத்த அடுக்கினா, ஓரம் சமமாகட்டும்னு மேசையில ரெண்டு தட்டுத் தட்டுவாங்க. வீட்டுல செய்தித்தாளக்கூட அப்படித்தான். கையில குறிப்புத் தாள் வெச்சுக்கிட்டுப் பேசியிருப்பாங்க.”

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

“அடக் கடவுளே! போன மாசத் தேர்வுல தட்டாதவங்களுக்கெல்லாம் அரை மார்க் குறைச்சிருக்கேனே!”

“டீச்சர், என் அரை மார்க்கு!” என்று பின்வரிசையிலிருந்து நால்வர் ஒரே குரலில் எழுந்தார்கள்.

ஆரவாரம் அடங்கியபின், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தாயிடம் அவள் மொழியில் பேச வேண்டும் என்ற தன் வேண்டுகோளை அவன் சொன்னான். டீச்சர் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

“வருஷக் கடைசிப் பரீட்சைய இந்தச் சனிக்கிழமைக்கு மாத்திடுவோம். ஆனா பிள்ளைங்களா, ஒப்பிக்கப் போகல, பார்க்கப் போறோம். தம்பி, ஒண்ணு சொல்லணும். கடைசிப் பாடம் விடைபெறுறது. விருந்தாளி சொல்றத இவங்களுக்காகப் பதிவு பண்ணிக் கொடுத்தாங்க. பதிலுக்கு வீட்டுப் பெரியவங்க சொல்ற வாழ்த்தை ஒரே ஒரு தடவ பதிவு பண்ணிட்டு, ‘இதப் பிள்ளைங்க சொல்லக் கூடாது, பெரியவங்க அவங்களுக்குச் சொல்லணும்’னுட்டாங்க. அந்தப் பதில் கேட்கிற வரைக்கும் விருந்தாளி நின்னுக்கிட்டே இருக்கணுமாம்.”

ஒலிப்பதிவுக் கருவியை அவர் அவன் கையில் கொடுத்தனுப்பினார். அந்த வாரம் முழுவதும், பகல் உணவு வேளையில், கட்டட உச்சியிலுள்ள இயந்திர அறையில் அவன் தனியே அமர்ந்தான். இரும்புக் கயிறுகள் ஓய்ந்திருக்கும் அந்தச் சிற்றறையில் தாயின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வாசலில் விருந்தினருக்குச் சொல்லும் பதிலையும் விடைபெறும் சொல்லையும் நாவில் ஏற்ற முயன்றான். வாயாடி எழுதிக் கொடுத்த தாள் எண்ணெய்க் கறை படிந்து கசங்கியது.

சனிக்கிழமை பிற்பகல் ஐந்து பிள்ளைகளும் டீச்சரும் வந்தார்கள். வாயாடி கதவுநிலையில் இருமுறை தட்டினாள். தட்டத் தேவையில்லை என்று தெரிந்தபின்னும் பிள்ளைகள் அதை விடவில்லை. பிறகு வாசலில் நின்றபடியே அந்த மொழியில் கேட்டார்கள்: “இந்த வீட்டில் சூடு இருக்கிறதா?”

நாற்காலியில் அசைவில்லை. மனைவி அவனைப் பார்த்தாள். வீட்டவர் பதில் சொல்லாமல் விருந்தினர் நுழைதல் முறையன்று. அவன் தடுமாறித் தடுமாறிச் சொன்னான்: “இருக்கிறது. உன் பங்கும் இருக்கிறது.”

தாயின் தலை மெல்லத் திரும்பியது, பிள்ளைகள் பக்கம் அன்று, மகன் பக்கம். முப்பத்திரண்டு ஆண்டுத் தூரத்திலிருந்து அந்த விழிகள் அவனை வந்தடைந்தன.

பிள்ளைகள் அவளைச் சுற்றித் தரையில் அமர்ந்தார்கள். நின்றுபோன மழையைப் பற்றிப் பேசினார்கள். நூலகத்தில் யாரோ அடுக்குமுறையைக் குலைத்துவிட்டதை முறையிட்டார்கள். பழத்தை உரித்து, முதல் சுளையைத் தாம் உண்ணாமல் அடுத்தவருக்கு நீட்டும் அவள் ஊர்ப் பழக்கத்தை ஒருவன் பிசகாமல் செய்தான். இன்னொருத்தி வாக்கியத்தின் நடுவில் தடுக்கி விழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுபடி எழுந்து நடந்தாள். பிறர் தாய்மொழிக்கு இவ்வளவு பணிந்து நிற்கும் பிள்ளைகளை அவன் கண்டதில்லை. ஒன்பது வயதில் தன்னோடு இவர்கள் படித்திருந்தால் என்று ஒரு நினைவு வந்து நெஞ்சைத் தைத்தது.

தாயின் இடக்கை நாற்காலிக் கைப்பிடியில் உயர்ந்தது. டொக், டொக். உதடுகள் நடுங்கின; சொல் வரவில்லை. கண்ணில் மட்டும் நீர் வந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. டீச்சர் கண்காட்ட, ஐவரும் எழுந்து நின்று விடைகேட்டார்கள்: “என் கால் வெளியே போகிறது. என் பெயரை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.”

பதில் இல்லை. பிள்ளைகள் நின்றார்கள். சுவர்க்கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பையன் காலை மாற்றி மாற்றி ஊன்றினான், ஆனாலும் நின்றான்.

“போதும் டீச்சர், பிள்ளைங்க பாவம்” என்றான் அவன்.

“பரவால்ல அங்கிள்” என்று கிசுகிசுத்தாள் வாயாடி. “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அவன் முன்னே சென்றான். தாயின் வலப்பாதத்திலிருந்து காலுறை நழுவிக் கிடந்தது. மண்டியிட்டு, குளிர்ந்திருந்த அந்தப் பாதத்தை இரு கைகளிலும் ஏந்திச் சூடுவரப் பொத்தினான். காலுறையைச் சுருக்கமில்லாமல் ஏற்றிவிட்டான். பிறகு அப்பாதத்தில் நெற்றியை வைத்து, அவள் மொழியில், பிழையோடு சொன்னான்: “என் பெயரை உள்ளே வைத்துக்கொள், அம்மா.”

அவன் உச்சியில் ஒரு கை வந்து இறங்கியது. அதன் விரல்கள் மெதுவாக இருமுறை தட்டின. மூச்சு இழுக்கும் ஒலி கேட்டது. படியில் நிற்பவரைப் போல் ஒரு தயக்கம். பின்பு, துருவேறிய கதவு திறப்பதுபோல், குழந்தைப் பருவத்திலேயே நாவில் ஊறிய அந்த வாழ்த்து, மகனுக்கும் நின்றிருந்த ஐவருக்குமாக, தானே வெளிவந்தது:

“போகும் வழி உன்னை அறியட்டும். திரும்பும் வழி உன்னை மறவாதிருக்கட்டும். நீ சேரும் வீட்டிலெல்லாம் உன் பங்கு ஆறாமல் இருக்கட்டும்.”