வெளியேறிய உறுப்பினர்

கூட்டத்துக்கு இன்னும் நேரமிருந்தது. நகராண்மைக் கழகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்திய பிறகும் என்ஜினை அணைக்காமல், ஏர்கோன் குளிரில் உட்கார்ந்தபடி மாதவி அந்த ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். கூட்ட விதிகள் அடங்கிய மெல்லிய புத்தகம் அது. உறுப்பினராக நியமனம் கிடைத்த அன்று அடையாள அட்டையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எப்போது எழுந்து பேசலாம், தீர்மானத்தை எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பார்ப்பதற்குத் தவிர வேறு எதற்கும் அவள் அதைத் திறந்ததில்லை. நேற்று சாயங்காலம் தன் பேச்சைச் சரிபார்க்கப் புரட்டியபோதுதான் இந்த விதி கண்ணில் பட்டது. பேசப்படும் விஷயத்தில் உறுப்பினருக்கோ, அவருடைய துணைக்கோ, உறவினருக்கோ ஆதாயம் இருந்தால் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அதை அறிவிக்க வேண்டும். விஷயம் எடுக்கப்படும்போது மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டும். பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. அந்த அளவு அவளுக்கு முன்பே தெரியும். உறவினர் என்றால் யார் யார் என்று பின்பக்கத்தில் ஒரு விளக்கம் இருப்பதுதான் தெரியாது. இரத்த வழியிலோ திருமண வழியிலோ என்று மலாய் மொழியில் போட்டிருந்தது. கணவனின் சகோதரி என்பதைத் தனியாகவே சொல்லியிருந்தார்கள்.

கணவனின் சகோதரி என்றால் ரமணி. மாதவி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். கன்டெய்னர் லோரிகள் போகும் சாலையோரத்தில், பெரிய கால்வாயை ஒட்டி இருக்கும் அங்காடிக் கடைகளில் ஒன்று ரமணியுடையது. விடிவதற்கு முன்பே தோசைக்கல் சூடாகிவிடும். அம்மா செத்த பிறகு தம்பி ஜெயராஜைப் படிக்க வைத்ததும், லோரி லைசன்ஸ் எடுக்க வைத்ததும், கல்யாணம் செய்து வைத்ததும் அந்தக் கடைதான். இப்போது கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள். வெள்ளம் வருகிற இடம்தான், அகலப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் கடைகளை எடுத்துவிட்டு, ஆள் நடமாட்டமே இல்லாத தொழிற்பேட்டைக்குள் கட்டிய புது உணவு மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனவர்கள் யாரும் மூன்று மாதம் தாக்குப் பிடித்ததில்லை. கால்வாய் வேலை முடியும்வரை பக்கத்துத் திடலின் ஓரத்தில் கடை போட்டுக்கொள்ளட்டும், முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பட்டும் என்பதுதான் மாதவியின் தீர்மானம். அதற்காக அவள் இஞ்சினியர் பிரிவுக்கு நடையாக நடந்தாள். ஒவ்வொரு உறுப்பினராகப் பார்த்துப் பேசினாள். பாதிப் பேருக்கு மேல் தலையாட்டியிருந்தார்கள். இன்று விட்டால் அடுத்த கூட்டத்துக்குள் கடைகளை உடைக்கும் இயந்திரம் வந்துவிடும்.

கணவன் ஜெயராஜுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. காலையில் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது, காலணியை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"யாருக்குத் தெரியப் போவுது லா. அக்கா ஐ.சி. கார்டுல எங்கப்பா பேரு. ஒன் ஐ.சி.ல ஒங்கப்பா பேரு. அங்க ஒக்காந்திருக்கறவன் எவன் நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தான்?"

"ரூல்ல இருக்குங்க."

"ரூல்ல ஆயிரம் இருக்கும். எங்கக்கா சோறு போட்டது எந்த ரூல்ல இருக்கு?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபப்பட்டிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் என்ஜினை அணைத்தாள். சூடு உடனே உள்ளே வந்தது. புத்தகத்தைப் பையில் போட்டாள், மறுபடியும் எடுத்தாள், மறுபடியும் போட்டாள்.

உறுப்பினர்களுக்கான ஓய்வறையில் கமலநாதன் கரிபாப் தின்றுகொண்டிருந்தார். வீடு நிலம் வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட், அவளுடைய கட்சிக்காரர், அவளோடு ஒரே நாளில் நியமனம் பெற்றவர். தீர்மானத்தை வழிமொழிவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். மாதவி அவரை ஜன்னலோரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பேசாம ஒக்காருங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சு எழுதிப் போட்டான்னா? தீர்மானமே செல்லாதுன்னுடுவாங்க. அப்புறம் அந்தக் கடைங்க பக்கம் ஒரு ஆளு திரும்பிப் பாக்க மாட்டான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மாதவி குரலைத் தாழ்த்தினாள். "நான் வெளிய போயிட்டா நீங்க எடுத்துப் பேசணும். யாரும் எடுக்கலன்னா அது அப்படியே விழுந்துடும். என் பேச்ச எழுதி வச்சிருக்கேன். நீங்க படிச்சாப் போதும்."

"நான் வழிமொழியறேன்னுதான் சொன்னேன், மாதவி. முன்மொழியறேன்னு சொல்லல. வருஷக் கடைசியில நமக்கு நியமனம் முடியுது, தெரியுந்தானே? கடைங்கள மாத்தறது தலைவர் டத்தோவோட திட்டம். நீங்க பேசி நான் பின்னால நிக்கறது வேற. நான் தனியா நின்னா அது வேற."

"அப்போ மாட்டீங்களா?"

"மாட்டேன்னு சொல்லலையே" என்றார் கமலநாதன். பேசுவேன் என்றும் சொல்லவில்லை. அவள் நீட்டிய தாள்களை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பார்வையாளர் பகுதியை அண்ணாந்து பார்த்தாள். அங்காடிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு, குளித்து, கோயிலுக்குப் போவது போல உடுத்தியிருந்தார்கள். நடுவில் ரமணி. மாதவியைப் பார்த்ததும் கையை ஆட்டவில்லை, முகத்தை மட்டும் லேசாக நிமிர்த்தினாள். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மாதவி படிக்கட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தாள். அதற்குள் கதவு திறந்து தலைவர் டத்தோ உள்ளே வந்துவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைவர் வந்த பிறகு உறுப்பினர் இடத்தை விட்டு நகரக்கூடாது. அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

தொடக்கப் பிரார்த்தனையாகத் துவா ஓதப்பட்டது. போன கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்பட்டது. பிறகு செயலாளர், இன்றைய விஷயங்களில் யாருக்காவது ஆதாயம் உண்டா, அறிவிக்க விரும்புகிறவர்கள் அறிவிக்கலாம் என்று வாசித்தார். எல்லா மாதமும் வாசிப்பதுதான். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சிலர் அந்த இடைவெளியில் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள். இப்போதும் பக்கத்தில் யாரோ பாட்டிலைத் திருகும் சத்தம் கேட்டது. மாதவி மைக்கின் பொத்தான் மேல் விரலை வைத்தாள். தீர்மானம் செல்லாமல் போய்விடும் என்பதால்தான் இதைச் செய்கிறோமா, இல்லை நாளைக்குப் பத்திரிகையில் தன் பெயர் வந்துவிடுமோ என்ற பயமா? நேற்றிலிருந்து தன்னையே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை ஒரு பதில் சரியாகப் பட்டது, இன்னொருமுறை மற்றது. செயலாளர் பக்கத்தைத் திருப்பப் போனார். மாதவி மைக்கின் பொத்தானை அமுக்கினாள்.

மலாயில் பேசினாள். அங்காடிக் கடைகளில் ஒன்றின் உரிமம் தன் கணவரின் அக்கா பெயரில் இருக்கிறது, அதனால் அந்த விஷயத்தில் தான் பங்கெடுக்க முடியாது என்று சொன்னாள்.   டத்தோ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். செயலாளரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு நன்றி சொன்னார். அந்த விஷயம் வரும்போது புவான் மாதவி வெளியே இருக்கலாம், முடிந்ததும் கூப்பிடுவோம் என்றார். அவ்வளவுதான். மாதவி மேலே திரும்பிப் பார்க்கவில்லை. பேசும்போது தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது விதி. பேசி முடித்த பிறகும் அவள் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்வாய் விஷயத்துக்கு முன்னால் குப்பை லோரிக் குத்தகை, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையின் நாள் மாற்றம், தெருவிளக்கு என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் முடியும்போது அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். பிறகு செயலாளர் கால்வாய் என்றார். மாதவி எழுந்தாள், தலைவருக்கு வணக்கம் வைத்தாள், நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். கமலநாதனைக் கடக்கும்போது அவர் மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை நகர்த்திக்கொண்டிருந்தார்.

வெளிக்கூடத்தில் யாரும் இல்லை. சுவரில் ஒரு பெரிய திரை, அதில் உள்ளே நடக்கும் கூட்டம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய மைக் எரிகிறதோ அவர் பக்கம் கேமரா தானாகத் திரும்பும். முதலில் டத்தோவின் முகம். பிறகு இஞ்சினியர், கையால் அகலம் காட்டினார். பிறகு மறுபடியும் டத்தோ. அவர் எதையோ கேட்டுவிட்டு மண்டபத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருப்பார். கேமரா அவர் முகத்திலேயே நின்றது. மாதவி திரைக்கு அருகில் போனாள், பின்வாங்கினாள், கூடத்தின் கடைசி வரை நடந்துவிட்டுத் திரும்பினாள். அவர் முகம்தான் இன்னும் இருந்தது.  உள்ளே நுழைந்து கத்திவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

திடீரென்று திரையில் கமலநாதன். குனிந்த தலையோடு பேசினார். கையில் அவளுடைய தாள்கள் இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்கினாரோ அவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொண்டார். தான் எழுதிய முதல் பத்தியைக்கூட அந்த நேரத்துக்குள் படித்திருக்க முடியாது என்று மாதவிக்குத் தெரிந்தது. டத்தோ தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அங்காடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அவளைப் பார்த்து ஒருவர் தலையசைத்தார், மற்றவர்கள் லிஃப்ட் பக்கம் போனார்கள். ரமணி மட்டும் நின்றாள். கருநீலச் சேலை, தலையில் கொஞ்சம் மல்லிகை.

"ஒத்தி வச்சிட்டாங்க" என்றாள். "அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணலாம்னாரு டத்தோ. அதுவரைக்கும் ஒடைக்க மாட்டாங்களாம்."

"கமலநாதன் என்ன பேசுனாரு?"

"ஒத்தி வைங்கன்னு கேட்டாரு. திடலப் பத்தி ஒண்ணும் சொல்லல. யாரையும் நோவடிக்காமப் பேசுனாரு."

மாதவி சுவரில் சாய்ந்தாள். ஒரு மாதம். "அண்ணி, முன்னாடியே ஒங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். அதுக்குள்ள—"

"நீ சொன்னது கேட்டுச்சு. மைக்குல நல்லாவே கேட்டுச்சு." ரமணியின் குரலில் குத்தல் இருக்கிறதா என்று மாதவி தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ரமணி திரையைப் பார்த்தாள். அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். "அடுத்த மாசமும் நீ இங்கதான் நிக்கணுமா?"

"ஆமா."

"அவரு இதே மாதிரிதான் பேசுவாரு?"

மாதவி திரையின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நான் கடைய விட்டுட்டா?" என்றாள் ரமணி. "லைசன்ச கழகத்துக்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா. அப்போ நீ உள்ள ஒக்காந்து பேசலாமா?"

"என்ன அண்ணி பேசறீங்க."

"கேட்டதுக்குச் சொல்லு. நீ படிச்சிருக்க. ரூல்ல என்ன இருக்கு?"

பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அப்படியும் முடியாது, அதற்கும் ஒரு விதி இருக்கிறது என்று எதையாவது சொல்லலாம். ரமணிக்கு எப்படித் தெரியப் போகிறது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"பேசலாம். ஆனா அண்ணி—"

"அது போதும்."

கதவு திறந்தது. ஊழியப் பெண் தலையை நீட்டி, புவான் இப்போது உள்ளே வரலாம், தலைவர் கூப்பிடுகிறார் என்றாள். மாதவி ரமணியின் கையைப் பிடித்தாள். தோசைக்கல்லில் பட்டுக் காய்த்த விரல்கள். "இங்கயே இருங்க. கூட்டம் முடிஞ்சதும் வந்துடறேன். எதுவும் பண்ணாதீங்க." ரமணி சுவரோரம் இருந்த பெஞ்சைப் பார்த்தாள். உட்காருவதாகவோ போவதாகவோ சொல்லவில்லை.

உள்ளே புதிய குடியிருப்பு ஒன்றின் சாலைகளுக்குப் பெயர் வைப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பூக்களின் பெயரா, பறவைகளின் பெயரா? மாதவி உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கவாட்டுக் கதவு தெரிந்தது. அதன் மங்கலான கண்ணாடிக்கு அப்பால் ஒரு கருநீலத் திட்டு. ரமணி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய தோசைக்கல்லும் மண்ணெண்ணெய் வாசமும் இல்லாத கால்வாயோரச் சாலையை மாதவி நினைத்துப் பார்க்க முயன்றாள். அப்படி நினைத்துப் பார்த்ததற்காகவே தன் மேல் வெறுப்பாக இருந்தது. ஜெயராஜிடம் என்ன சொல்வது? அண்ணி சும்மா கேட்டிருப்பாள். சும்மா கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பறவைகளின் பெயரை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று செயலாளர் சொல்லும்போது கண்ணாடியில் இருந்த நீலம் எழுந்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. லிஃப்டுக்குப் பக்கத்தில்தான் லைசன்சுகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமப் பிரிவின் கௌன்டர். தலைவரின் அனுமதி இல்லாமல் உறுப்பினர் எழுந்து போகக்கூடாது. மாதவி அனுமதி கேட்கக் கையைத் தூக்கினாள். செயலாளரின் பேனா அவள் கையையும் பறவைகளுக்கான ஒரு வாக்காக எண்ணிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. சுற்றிலும் கைகள் இறங்கின. நீலம் கண்ணாடியின் ஓரத்துக்கு வந்து, பாதியாகி, ஒரு கோடாகிக்கொண்டிருந்தது. மாதவியின் கை இன்னும் மேலேயே இருந்தது.