மசுமியின் குரல் சுற்றும் வேகம்

1

இந்தக் கதை ஒரு பித்தளை உருளையிலிருந்து பிறந்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒசாகாவுக்குக் குடிவந்த நாளிலிருந்து நான் பழைய சாமான் கிளறும் நிப்பொன்பாஷிப் பகுதிக் கடையில், ஒரு ரெக்கார்டு பிளேயரின் அடியில், பிரிக்காத காகித உறைக்குள் கிடந்தது.

"டோக்கியோவுலேருந்து இங்க வீடு மாத்திக்கிட்டு வர்றவங்க மோட்டார்ல இதை மாட்டணும். எவனோ மறந்துட்டான் பாருங்க" என்றார் கடைக்காரர்.

மறந்தானா? என்னை மாதிரி ஆளுக்கு இந்தச் சந்தேகம் ஒன்று போதும்.

(டோக்கியோவில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். ஒசாகாவில் அறுபது. பழைய மோட்டார் அந்தத் துடிப்புக்குத் தக்கபடி ஓடும். உருளையை மாற்றாவிட்டால் டோக்கியோப் பெட்டி இங்கே வேகமெடுத்து, பெரிய மனுஷன்கூடக் கீச்சுக் குரலில் பாடுவான்.)

2

முதல் தொடக்கம்: "1969. நேரடியாக இசைத்தட்டையே சுழற்றும் மோட்டார் என்ற எண்ணம் தொழில்நுட்ப உலகில்—"

வேண்டாம். பாடப்புத்தக வாடை.

இரண்டாவது: "டோகுஜி சூப்பை ஒதுக்கி வைத்தார்." இது தேவலை, ஆள் இருக்கிறார். ஒசாகாவை ஒட்டிய கடோமாவில், பெயர் சொல்லாத ஒரு தொழிற்சாலையில், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். டோக்கியோக்காரர். எதிரே உட்கார்ந்திருப்பவன் ஹமுரா, அதே பிரிவு, உள்ளூர்க்காரன், வாய்க்கொழுப்பு.

"என்னண்ணே, உங்க ஊர் சூப்பு மாதிரி கறுப்பா வேணுமா? உள்ள நூடுல்ஸ் இருக்கான்னு கைய விட்டுத் தேடணுமே!"

"போடா. உங்க ஊர் சூப்பு வெறும் வெந்நி."

அவர்கள் செய்துகொண்டிருந்த பெட்டியில் மோட்டார்ப் பட்டையும் இல்லை, உருளையும் இல்லை. தட்டேதான் மோட்டார். எந்த ஊர் மின்சாரமானாலும், மெதுவாகவோ வேகமாகவோ, விசையைத் திருப்பி நாம் வைக்கிற வேகத்தில் சத்தமில்லாமல் சுற்றும்.

"ஊர் மாறினாலும் மாறாத மோட்டாருண்ணே. நீங்கதான் வந்த நாள்லேருந்து மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றான் ஹமுரா.

டோகுஜி சிரிக்கவில்லை. ஏன் என்று ஹமுராவுக்குத் தெரியாது.

3

[இங்கே மசுமியின் சாவை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எழுத எழுத எனக்கே பெருமையாக இருந்தது. சீ என்று கிழித்துப் போட்டேன்.]

டோகுஜிக்கும் மனைவி ஃபுசாயேவுக்கும் ஒரே மகள், மசுமி. ஆறு வயது. டோக்கியோவில் ஒரு பெரிய கடையின் மொட்டைமாடியில், குரலை அங்கேயே தட்டில் பதிவு செய்து கொடுப்பார்கள். மசுமி பேசினாள்:

"நான் மசுமி. அப்பா பேசச் சொன்னாரு, பேசுறேன். வேற என்ன பேச? அம்மா ஏன் சிரிக்கிற? போதும்ப்பா, பேசியாச்சு. இப்ப ஐஸ்கிரீம்?"

ஐஸ்கிரீம் கடை அன்று மூடியிருந்தது. அடுத்த வாரம் வாங்கிக்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் காய்ச்சல்.

அந்தத் தெருக்களில் நடக்க முடியாமல்தான் இருவரும் ஒசாகாவுக்கு வந்தார்கள். தட்டை எடுக்க ஃபுசாயேவுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் டோகுஜி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே குழந்தை கேட்டது. கீச்சென்று, அவசர அவசரமாக. மோட்டார்க்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. உருளை உறையோடு பெட்டியின் அடியிலேயே கிடக்கிறது. ஐந்து நிமிஷ வேலை.

"ஏங்க, கேளுங்களேன்! எவ்வளவு பொடிசா இருந்திருக்கா!"

அவள் சிரித்து அவர் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. "ஆமா" என்றார். உறையை அவர் கடைசிவரை பிரிக்கவில்லை.*

* இந்த இடத்தில் நான் அவர் கட்சி.

4

அந்த மாதிரித் தட்டு மெத்தென்றிருக்கும். ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் குரலைச் சுரண்டிக்கொண்டு போகும். மகளின் பிறந்தநாள்தோறும் ஃபுசாயே போட்டாள். இப்போது பாதி இரைச்சல்.

புதுப் பெட்டியை வீட்டில் ஓட்டிப் பார்க்கத் தொழிற்சாலை கொடுத்தனுப்பியது. பார்த்ததும் அவள் கேட்டாள்: "இதுல நம்ம புள்ளைய ஒரு தடவை போடுங்களேன். தெளிவாக் கேக்குமில்ல?"

டேப்பில் எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். டோகுஜி ஹமுராவிடம் டேப் ரெக்கார்டரும் வாங்கி வந்துவிட்டார். தட்டு இன்னும் ஒரு தடவை தாங்கும், அவ்வளவுதான். டேப்பில் பதிவதுதான் இனி மசுமி.

எந்த வேகத்தில்?

5

முடிவு ஒன்று. சரியான வேகம். குரல் கொஞ்சம் தடித்து, நிதானமாக வருகிறது. ஃபுசாயே கேட்கிறாள்: "இது யாருங்க?" அதற்கு மேல் எழுத என் கை ஓடவில்லை.

முடிவு இரண்டு. பழைய வேகம். அவள் சிரிக்கிறாள். அவர் அடுப்படிக்குப் போய்த் தேநீர்ப் பாத்திரத்தை வெறுமனே கழுவிக்கொண்டிருக்கிறார். மகளின் உண்மையான குரலை இனி யாரும்—

6

மூன்றாவது முடிவு ரயிலில் வந்தது. சரியான வேகத்தில் கேட்டுவிட்டு ஃபுசாயே சொல்கிறாள்: "வளந்துட்டா, இல்லைங்க?"

ரயில் என்றும் பாராமல் அழுதேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. அது என் ஆறுதல். எனக்கு ஆறுதல் சொல்வதா அந்த அம்மாளின் வேலை?

ஆகவே இப்படியே விட்டு வைத்திருக்கிறேன். தட்டு சுற்றுகிறது. ஃபுசாயே முழங்காலை மடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டோகுஜியின் விரல் விசைமேல் இருக்கிறது. என்னால் ஆகவில்லை ஐயா, நீங்கள் வந்து திருப்புங்கள்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி, பேசி முடித்ததும் மசுமி ஐஸ்கிரீம் கேட்பாள்.