மணமகளுக்கு ஒரு கோடு

"பதினாலு வருசத்துக்குப் பொறகு அந்த மனிசனுக்கு இந்த வீட்டுல எதுக்குகா கதிர போடணும்?"

கேட்டுவிட்டு ஸஹீதா தேங்காய்ப்பூவைப் பிழிவதை நிறுத்தினாள். பால் முழங்கை வரை வழிந்தது. மகள் இன்ஷிரா அடுப்படி வாசலில் நின்றாள். கலியாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. கலியாணப் பதிவுகாரர் அஸாம் ஹாஜியார் சற்று முன்புதான் ஆளனுப்பிச் சொல்லியிருந்தார்: பெண்ணின் தகப்பன் உயிரோடு இருக்கிறார். அவர்தான் வொலி, பெண்ணுக்குப் பொறுப்பாளர். அவர் வந்து கையெழுத்து வைக்காமல் காவின், அதாவது கலியாணப் பதிவு, எழுத முடியாது.

"பொலநறுவையில இரிக்காராம். ஜிப்ரி காக்கா போன் நம்பர் எடுத்துட்டாரு" என்றாள் இன்ஷிரா.

"உன்ட ரிப்போட்டுல ஒரு நாள் சைன் வச்சிருக்காரா? உனக்கு வகுத்துல ஒப்பரேசன் செய்யக்குள்ள வச்சாரா? நான் குவைத்துல கெடந்து அழுறன், சாச்சிதான் வச்சா. இப்ப மட்டும் எங்க இருந்து வந்த வாப்பா?"

"சட்டம் உம்மா."

"யார்ட சட்டம்?"

இன்ஷிராவுக்கு அந்தக் கேள்வியின் விடை தெரியும். அதுதான் அவளுடைய கஷ்டம்.

ஓட்டமாவடியில் பிரதேச செயலகத்துக்குப் போகிற வழியில் பஸ்லானின் போட்டோக் கொப்பிக் கடை இருக்கிறது. ஐந்து வருடமாக இன்ஷிராவுக்கு அங்கே வேலை. அடையாள அட்டைக்கு, வாக்காளர் இடாப்புக்கு, சமுர்த்திக்கு, காணாமற்போன மாட்டுக்கு என்று என்ன போம் வந்தாலும் அவள் நிரப்புவாள். ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற பெண்கள், பாலத்தடியில் வலை போடுகிறவர்கள், மேசன்மார் எல்லாரும் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து குந்துவார்கள். "இந்தக் கோட்டுக்கு மேல வைங்க" என்று சொல்லி அவள் விரலால் காட்டுவாள். ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்வாள். சைன் வைத்து முடித்து நிமிரும்போது சனத்தின் முகத்தில் வருகிற ஒரு சின்னப் பெருமையை அவள் பார்த்திருக்கிறாள். கை நடுங்குகிற கிழவிகளுக்குக்கூட அது வரும்.

அப்படிப்பட்டவள், தன்னுடைய காவின் புத்தகத்திலும் தனக்கு ஒரு கோடு இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். யாரும் அவளுக்கு இருக்கும் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஹாஜியார் அனுப்பிய ஆள்தான் முதன்முதலில் இல்லை என்று சொன்னார்.

அடுத்த நாள் காலை கடையில் மேசன் கனகசிங்கம், அரசாங்க ஆட்கள் தன் காணியை அளந்து எல்லைக் கல் நட்டுவிட்டார்கள் என்று பெட்டிசம் எழுத வந்திருந்தார். ஓட்டோக்கார ஜிப்ரி வழக்கம்போல வாசலில் நின்று பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"புதிய அரசியலமைப்பாம். மக்கள்ட கருத்தக் கேக்கப் போறாங்களாம். ஐயா, ஒங்கட கருத்து என்ன?"

"என்ட கருத்தோ? கல்லப் புடுங்கச் சொல்லு தம்பி. மிச்சத்த அவங்களே எழுதட்டும்" என்றார் கனகசிங்கம்.

இன்ஷிரா சிரித்தபடியே தட்டச்சு செய்தாள். எல்லாப் பெட்டிசத்திலும் வருகிற வரிதான்: 'அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையின்படி சட்டத்தின் முன் யாவரும் சமம்.' அந்த வரிக்காகவே பஸ்லான் ஒரு பழைய அரசியலமைப்புப் புத்தகத்தைக் கடையில் வைத்திருந்தான். கூட்டமில்லாத ஒரு மத்தியானம் இன்ஷிரா அதில் இன்னும் இரண்டு பக்கம் தள்ளி வாசித்தாள். பதினாறாம் உறுப்புரை வந்தது. முன்பே இருக்கிற சட்டங்கள், மேலே சொன்ன உரிமைகளுக்கு ஒவ்வாமல் இருந்தாலும் செல்லும் என்று அது சொன்னது. முஸ்லிம் கலியாணச் சட்டமும் அப்படி முன்பே இருப்பதுதான். அன்றைக்கு அவள் அதை ஜிப்ரியிடம் காட்டியிருந்தாள். "பன்னெண்டுல கதவத் தொறந்துட்டு பதினாறுல பூட்டிட்டானுகள்!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு ஒரு கிழமை அதையே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் இன்று கேட்டாள்.

"ஜிப்ரி காக்கா, காவின் புத்தகத்துல பொம்புளக்கு சைன் வைக்க எடமில்லையாமே. அதையும் அவங்கள்ட சொல்லலாமா?"

ஜிப்ரி பேப்பரை மடித்தார். "அது வேற விசயம் புள்ள. அது நம்மட வீட்டு விசயம். வெளியில கொண்டு போனா நாளைக்கு மத்தவங்க நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

"எங்கட ஆக்கள்ல பொம்பிளையும் வைக்கும் பிள்ள. எண்டாலும் என்ன? வை எண்டா வைக்கும். என்ட மகள் வைக்கக்குள்ள அவளின்ட முகத்த நான் பாக்கயில்ல. இப்ப நினைச்சா..." கனகசிங்கம் பெட்டிசத்தை இழுத்து, அவள் விரல் காட்டிய கோட்டின் மேல் மெதுவாகக் கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் இன்ஷிரா அஸாம் ஹாஜியாரின் வீட்டுக்கு நேரே போனாள். அவர் நல்ல மனிதர். பிளேன்டீ குடிக்க வைத்துத்தான் பேசினார்.

"மகள், மார்க்கம் தடுக்கல்ல. சட்டமும் வைக்காத எண்டு சொல்லல்ல. ஆனா புத்தகத்துல கோடு இல்லையே. கோடில்லாத எடத்துல நான் எப்பிடி சைன் எடுக்கிற? மாப்புளக்கு ஒரு எடம், வொலிக்கு ஒரு எடம், சாட்சிக்கு எடம். முப்பது வருசமா இப்பிடித்தான் எழுதுறன். திருத்துவாங்க திருத்துவாங்க எண்டு சொல்றாங்க, என்ட தாடிதான் வெளுத்துது."

"அப்ப என்ட சம்மதம் எங்க எழுதியிரிக்கி?"

"வாப்பா வாயால கேப்பாரு, நீங்க வாயால சொல்லுங்க." அவளுடைய முகத்தைப் பார்த்து அவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். "சரி, ஒரு வெள்ளத் தாள்ல எழுதிச் சைன் வச்சுக் குடுங்க. புத்தகத்தோட சேத்து ஊசியால குத்திர்றன்."

வீதியில் நடந்து வரும்போது இன்ஷிராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சிறிய காரியத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறேனே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதை அவள் கேட்காதது போல நடந்தாள்.

அடுத்த நாள் வீட்டை மகளின் பெயருக்கு எழுத நொத்தாரிசிடம் போனார்கள். பதினொரு வருடம் குவைத்தில் பிறர் வீட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, பிறர் வீட்டு மாபிளைத் துடைத்து ஸஹீதா கட்டிய வீடு. இங்கே பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை றிப்ஷான் நல்லவன்தான். கட்டாரில் டிரைவர். ஆனால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவனுடைய பெயரும் சேர வேண்டும் என்று அவனுடைய மாமா சொல்லிவிட்டார். றிப்ஷான் மாமாவைத் தடுக்கவில்லை.

நொத்தாரிசு பக்கத்துக்குப் பக்கம் விரல் வைத்துக் காட்டினார். ஸஹீதா ஒவ்வொரு இடத்திலும் நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தாள். அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பாஸ்போட் எடுக்கிற காலத்தில் யாரோ காட்டிக் கொடுத்த தன் பெயரை ஒரு படம் போல வரையப் பழகியிருந்தாள். ஆறாவது இடத்தில் அவள் நிமிர்ந்து கேட்டாள்.

"இதுக்கு வொலி தேவல்லையா சேர்?"

நொத்தாரிசு சிரித்தார். "ஒங்கட வீடு தானேம்மா. நீங்க வச்சாப் போதும்."

"என்ட மகளும்தான்" என்றாள் ஸஹீதா. அதற்கும் அவர் சிரித்தார்.

அன்று மூடுவதற்கு முன் கடைக் கம்ப்யூட்டரில் இன்ஷிரா தன்னுடைய போமைத் தட்டினாள். 'மணமகளின் சம்மதம்' என்று தலைப்புப் போட்டாள். முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி. கீழே புள்ளிகளால் ஒரு கோடு. கோட்டின் அடியில் 'மணமகளின் கையொப்பம்'. இடைவெளிகளை மூன்று தடவை சரிபார்த்தாள். ஐந்து வருடத்தில் எத்தனையோ போம் பார்த்திருக்கிறாள். இவ்வளவு வடிவான ஒன்றைப் பார்த்ததில்லை.

கலியாணத்தன்று காலை உம்மாவுக்கு முன்னால் வைத்து அதில் கையெழுத்துப் போட்டாள். ஸஹீதா குனிந்து பார்த்தாள். "புத்தகத்துலயே போகுமா மகள்?"

"புத்தகத்தோட சேத்துக் குத்துவாரு உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஸஹீதா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிரை ஒன்றை எடுத்து வீட்டு மண்டபத்தில் தானே போட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா ஹலீம் வந்தார். இரண்டு சாட்சிகள் பின்னால் நின்றார்கள். இன்ஷிரா நினைத்து வைத்திருந்த வாப்பா உயரமானவர். வந்தவர் மெலிந்து, ஒரு தோள் சரிந்து, புதுச் சேட்டின் மடிப்புக் குலையாமல் இருந்தார். அவரை வெறுக்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். வெறுப்பு வரவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரைப் பார்ப்பது போல இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அடுப்படியில் ஒரு சட்டி சத்தமாக வைக்கப்பட்டது. ஹலீம் அந்தப் பக்கம் பார்க்காமல், கதிரையிலும் இருக்காமல் நின்றார்.

"மகள்... சம்மதம் தானே?"

"ஓம்."

தாளை நீட்டினாள். வாங்கி மடித்துப் பையில் வைத்தார். போகத் திரும்பியவர் நின்று, சாட்சிகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"பள்ளில முழுப் பேரு கேப்பாங்க. ஒனக்கு முன்னுக்கு வாறது பாத்திமாவா, ஆயிஷாவா?"

"பாத்திமா" என்றாள்.

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது போலிருந்தது. சற்று நேரத்தில் பள்ளிவாசல் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் துஆ கேட்டது. அறையில் இருந்த பெண்கள் அவளுடைய தலையை முத்தமிட்டார்கள். அப்போதுதான் தான் மனைவியாகிவிட்டது இன்ஷிராவுக்குத் தெரிந்தது.

பத்து நாள் கழித்து, றிப்ஷான் கட்டாருக்குத் திரும்பக் கலியாணச் சான்றிதழின் பிரதி தேவைப்பட்டது. விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். அடியில் கோடு இருந்தது: 'விண்ணப்பதாரரின் கையொப்பம்'. அவள் வைத்தாள். பிரதி கிடைப்பதற்கு அவளுடைய கையெழுத்துச் செல்லுமாம்.

காவின் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே கொப்பி எடுத்துக் கொடுத்தார்கள். பதிவுக் கந்தோர் வாசலில் நின்று பார்த்தாள். அவளுடைய பெயர் இருந்தது, யாரோ ஒருவருடைய எழுத்தில். றிப்ஷானின் சைன் இருந்தது. ஹலீமின் சைன், சாட்சிகளின் சைன். குத்திய ஊசியின் அடையாளம் எங்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து றிப்ஷானிடம் கேட்டாள்.

"அந்தத் தாளா? ஹாஜியார் 'பொறகு பாப்பம்' எண்டு எனக்கிட்டத் தந்தாரு. என்ட சேட்டுப் பையில இரிக்கும்."

இருந்தது. நான்காக மடித்திருந்தது. விரித்தபோது மறுபக்கத்தில் றிப்ஷானின் மாமாவுடைய எழுத்து: 'பள்ளிக்கு சாப்பாட்டு சஹன் 42. வீட்டுக்கு 18. தண்ணிப் போத்தல் 10 பெட்டி.' ஓரத்தில் நெய்க் கறை.

"மாமாக்கு எழுத ஒரு தாள் தேவப்பட்டிச்சு. நான் குடுத்தன். ஒண்ணும் முக்கியம் இல்ல தானே? கலியாணந்தான் நடந்துட்டே." அவன் உண்மையிலேயே ஒன்றும் விளங்காமல்தான் பார்த்தான். அவனோடு சண்டை பிடிக்க ஒரு வார்த்தை தேடினாள். பெட்டிசத்துக்கு வருகிற வார்த்தைகள் எல்லாம் வந்தன. அவற்றை எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்றுதான் தெரியவில்லை. தாளை மறுபடி நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

ஸஹீதா ஈரக் கையைச் சாரியில் துடைத்தபடி வந்தாள். "வந்துட்டா மகள்? காட்டு, காட்டு. எங்க உன்ட சைன்?"

இன்ஷிரா உம்மாவைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் எண்பது தடவை தூக்குகிற அதே விரலைத் தூக்கினாள். பக்கத்தின் மேல் கொஞ்ச நேரம் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது அது. பிறகு ஹலீமின் கையெழுத்தின் மேல் இறங்கியது.

"இந்தா உம்மா."

ஸஹீதா தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஹலீம் எதற்கும் கையெழுத்து வைத்து அவள் பார்த்ததில்லை. சுருண்டு போகிற அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஆம்புளயள் மாதிரிப் பலமா வச்சிருக்காய்கா" என்றாள். "நாளைக்குக் கடைக்குக் கொண்டு போய் லமினேற் பண்ணு மகள். அழிஞ்சிரக் கூடாது."

"ஓம் உம்மா" என்றாள் இன்ஷிரா.