கேதுவுக்கு ஒரு பழம்

டீச்சர் அஞ்செல் மதாம் வகுப்பில் எப்போதும் எலுமிச்சம்பழம்தான் கிரகமாக உருளும். வீட்டுக் கொல்லையில் காய்த்துக் கொட்டும்போது, கிரகம் வாங்கக் கடைக்கா போக வேண்டும்? பிரெஞ்சுக்காரர் காலத்தில் இதே கிரகப் பாடத்தை அவர் பிரெஞ்சில்தான் நடத்தினார். பிள்ளைகள் ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். வீட்டுக்குப் போனதும் நிலாவைப் பாம்பு விழுங்குகிறது என்பார்கள். கொடி மாறி, தமிழில் பாடம் சொல்லலாம் என்று ஆனபோது பள்ளிக்கூடத்திலேயே அதிகம் பூரித்துப்போனவர் மதாம்தான். இனிமேல் ஒப்பிக்க மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள் என்று நம்பினார்.

அப்படிக் கேட்கிறவள் ஒருத்தி கிடைக்கவும் கிடைத்தாள். மதாம் வீட்டுக்குப் பால் ஊற்றும் செல்வாம்பாளின் மகள் அஞ்சலாட்சி.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம். எட்டுக் கிரகமும் மகரத்தில் கூடப்போகின்றன, சனி, ஞாயிறு, திங்களில் உலகம் அழியப்போகிறது என்று ஊரே நடுங்கியது. கோயில்களில் ஓமப் புகை. பள்ளியில் பாதிப் பெஞ்சு காலி. மதாமுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்தியில் பழங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்.

தன் வாசலருகே சந்திரனை வைத்தார். நடுத்தெருவில் சூரியனுக்காக ஓர் அரிக்கேன் விளக்கு. தெருக்கோடியில் சனி. மற்றவை இடையிடையே. ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கச் சொல்லியே வைத்தார்.

“எங்க வாசல்தான் பூமி. இங்க வந்து ஒரு கண்ண மூடிக்கிட்டு பாருங்க. எல்லாம் ஒண்ணா கூடி நிக்கற மாதிரி தெரியுதா? இப்ப நடந்து போய் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ தூரம்! ஒரே திசையில இருக்குது. ஒரே எடத்துல இல்ல.”

எதிர்வீட்டுப் பாவாடை எண்ணிப் பார்த்தார். “ஏழுதான இருக்குது மதாம்? கேதுவ வுட்டுட்டீங்களே!”

“கேதுன்னு ஒரு பொருளே கெடையாது பாவாடை. நிலா போற வழியும் சூரியன் போற வழியும் வெட்டிக்கற எடம், அவ்ளோதான். வெறும் எடத்துக்கு எப்படிப் பழம் வைக்கறது?”

அஞ்சலாட்சி கைகொட்டிச் சிரித்தாள். “நம்ம தெரு முக்கு இருக்குதே, அத எடுத்துப் பையில போட்டுக்க முடியுமா மாமா?”

மதாம் அவள் தலையை வருடினார். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியது இந்த ஒரு கேள்விக்காகத்தானே!

ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை, பாருங்கள். வகுப்பில் உருளும்வரை அது வெறும் எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமை அந்தியில், தெருவில் விளக்கு வைத்து, பெயர் சொல்லி வைத்தால் அது மந்திரித்த பழம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். அன்று நினைவு வரவில்லை. விடிந்தபோது தெருவில் ஒரு பழம்கூட இல்லை. ஆறு வீட்டு நிலைவாசலில் ஆறும் தொங்கின.

சனிக்கிழமை செல்வாம்பாள் பால் இல்லாமல் ஓடிவந்தாள்.

“பொண்ணு வயித்துவலில சுருண்டு கெடக்குது மதாம். கொடல்வால் வீங்கிடுச்சாம், இன்னைக்கே பெரியாஸ்பத்திரில அறுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவரு வுட மாட்டேங்கறாரு. இந்த மூணு நாளு கத்தி படக்கூடாதாம்.”

மதாம் போட்டது போட்டபடி ஓடினார். வாசற்படியில் அவள் புருஷன் கலியபெருமாள் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். குடல்வால் வெடித்தால் சீழ் வயிறெல்லாம் பரவும், பிள்ளை பிழைக்காது என்று மதாம் சொன்னார். மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். கெஞ்சினார்.

“எம் பொண்ணுக்கு நானே கெடுதல் நெனைப்பனா மதாம்? எல்லாக் கெரகத்துக்கும் பழம் வச்சீங்க. கேதுக்கு மட்டும் வக்கல. வுட்டுப்போனவன் சும்மா இருப்பானா?”

உள்ளேயிருந்து அஞ்சலாட்சி முனகினாள். “கேது இல்லப்பா… மதாம் சொன்னாங்க…”

“பாத்தீங்களா! புள்ள வாயாலயே அவன இல்லன்னு சொல்ல வச்சிட்டீங்க. அதான் அவ வயித்துல வந்து ஒக்காந்துட்டான்.”

“நீங்க சொல்றது புரியுது மதாம்,” என்றாள் செல்வாம்பாள். “ஆனா பயமா இருக்குதே, நான் இன்னா பண்ணட்டும்?”

உள்ளே முனகல் நின்றுபோயிருந்தது. மதாம் போய்ப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டார். பலகைபோல விறைத்திருந்தது. அதற்குமேல் அவர் எதையும் விளக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப்போய்க் கொல்லையில் ஒரு பழம் பறித்தார். பட்டப்பகலில் அரிக்கேன் விளக்கை ஏற்றி நடுத்தெருவில் வைத்து, அதன் எதிரே பழத்தை வைத்தார். தெருவே கூடி நின்று பார்த்தது.

“இது கேது,” என்றார். வகுப்பில் பேசும் அதே குரல்தான். பழத்தை எடுத்துக் கலியபெருமாள் கையில் கொடுத்தார். “இனிமே கத்தி படலாம். இன்னைக்கே படலாம். தூக்குங்க புள்ளய!”

கலியபெருமாள் பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் மகளைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார்.

பிள்ளை பிழைத்தாள்.

செவ்வாய்க்கிழமை எப்போதும்போலச் சூரியன் எழுந்தது. இந்த விடியலுக்காகத்தான் மதாம் காத்திருந்தார். ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல வேண்டும் என்பதற்காக. அதற்குள் பாவாடை முந்திக்கொண்டார். “கேதுவையும் கட்டிப்போட்டீங்க பாருங்க மதாம், அதாலதான் ஒலகம் தப்பிச்சுது!” அவர் பின்னால் நாலைந்து பேர், மந்திரித்துத் தரச் சொல்லி, கையில் பழத்தோடு.

அவர்களைத் தாண்டிக்கொண்டு மதாம் ஆஸ்பத்திரிக்குப் போனார். அஞ்சலாட்சியின் கட்டில் கம்பியில் மஞ்சள் கயிற்றில் பழம் தொங்கியது. தையல் பிரிக்கும்வரை அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். “இது இருக்கற தைரியத்துலதான் எங்க வூட்டுக்காரரு புள்ளய இங்க வுட்டு வச்சிருக்காரு,” என்று செல்வாம்பாள் பழத்தைக் கும்பிட்டாள்.

“இது எந்தக் கெரகம் மதாம்?” என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

மதாம் செல்வாம்பாளைப் பார்த்தார். கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை.

“கேது.”

“அது வெறும் எடம்னு சொன்னீங்களே? தெரு முக்கு மாதிரி?”

மதாம் போர்வையை இழுத்து அவள் தோள்வரை மூடினார்.

“எதுத்துக் கேள்வி கேக்காதடி,” என்றாள் செல்வாம்பாள். “மதாம் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அஞ்சலாட்சி பழத்தைப் பார்த்தாள், மதாமைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “சந்திரன், புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், வியாழன், சனி, கேது,” என்று சொன்னாள், ஓரெழுத்துப் பிசகாமல்.