ஒரு கிளெய்மும் இல்லாதவர்

சிக்னலில் நின்றிருந்த சலவைக்கடை வேனின் முதுகில் கார் போய் முட்டியதும் கணவர் முதலில் செய்த காரியம், மனைவியின் தலையைப் பிடித்து சீட்டில் சாய்த்ததுதான்.

"கண்ணை மூடிக்கோ. நீ ஹார்ட் பேஷண்ட்."

அவள் மூடிக்கொண்டாள். இது முதல் தடவை இல்லை. பக்கத்து வீட்டு கேட்டை இடித்தபோது அவளுக்குச் சிறுநீரகக் கல். சைக்கிள்காரரைச் சாய்த்தபோது கருச்சிதைவு. இவ்வளவு நோய்களையும் வாங்கிக்கொண்டு ஒரு வேளைகூடச் சமையலுக்கு லீவு போடாத பெண் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கணவர் வாகன இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். "என் கார் மேல இதுவரைக்கும் ஒரு கிளெய்ம் கிடையாது சார்" என்று மார்தட்டித்தான் ஒவ்வொரு பாலிசியையும் விற்பார். அந்த மார்பு சுருங்காமல் காப்பாற்றுவது அவள் வேலை. அவர் வெளியே போயிருக்கும்போது, எங்கேயோ முட்டிக்கொண்ட வாடிக்கையாளர்கள் வீட்டுக்குப் போன் போட்டு அலறுவார்கள். அடுப்படியில் நின்றபடி அவளே பதில் சொல்வாள்: வண்டியை நகர்த்தாதீங்க, நாலு பக்கமும் போட்டோ எடுங்க, யார் காசு நீட்டினாலும் வாங்காதீங்க.

கண்ணைத்தான் மூடச் சொல்லியிருந்தார். காது திறந்தே இருந்தது.

"பாருங்கம்மா, தப்பு என்னோடதுதான். நான் இல்லேன்னா சொன்னேன்?" கணவரின் குரலில் தேன் ஒழுகியது. "வீட்டம்மாவுக்கு நெஞ்சுவலி, அந்தப் பதட்டம். எதுக்கு இன்ஷூரன்ஸ்? இதைப் பிடிங்க, தட்டி நிமித்திக்கலாம்."

"கதவு மூடவே மாட்டேங்குதுங்களே," என்றாள் சலவைக்கடைக்காரி. "உள்ள அத்தனையும் தேய்ச்ச துணி. இந்தக் காசுக்குத் தாழ்ப்பாள்கூட வராது. வேன் படுத்துடுச்சுன்னா என் கடையும் படுத்துடும். கம்பெனிக்கே சொல்லிடலாங்க."

"கம்பெனியா! நானே அந்தத் தொழில்தாம்மா, எனக்குத் தெரியாதா? மாசக்கணக்கா இழுத்தடிப்பாங்க. திருட்டுப் பசங்க!"

போன வாரம் மனைவியின் தம்பிக்குப் பாலிசி விற்கும்போது, கம்பெனி பெற்ற தாய் மாதிரி என்றவர் இவர். தாயைத் திட்ட அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"முதல்ல வேனை ஓரம் கட்டுங்கம்மா. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க பாருங்க."

அதுதான் விஷயம். நகர்த்திவிட்டால் அப்புறம் நடுரோட்டில் ஒரு அத்தாட்சியும் இருக்காது. நாளைக்கு இந்தப் பெண் வந்து நின்றால் "எந்த வேன்?" என்பார். சைக்கிள்காரரிடமும் "எந்த சைக்கிள்?" என்றுதான் கேட்டார்.

சலவைக்கடைக்காரி வேனுக்குப் போகவில்லை. தண்ணீர் பாட்டிலோடு கார் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் குடிங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு. நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. என் வேன் கெடக்கட்டும்."

மனைவி கண்ணைத் திறந்தாள். பாட்டிலைப் பிடித்திருந்த கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்புகள். அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிரமாதமாக நடிக்கிறாயாம்.

மனைவிக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பதுபோல அந்த விரலைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வண்டியை நகர்த்தாதே. காசை வாங்காதே. நாலு பக்கமும் போட்டோ எடு, முட்டின இடத்தைக் கிட்டத்துல எடு."

"ஏய், உனக்கு மூளை கலங்கிடுச்சா?"

"நெஞ்சுன்னுதானே சொன்னீங்க? மூளைன்னு சொல்லவே இல்லையே."

சலவைக்கடைக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் போனை எடுத்து உயர்த்தினாள்.

கேமராவைக் கண்டதும் கணவரின் கை தானாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் மனைவி. "நம்பர் பிளேட்டு மறைக்குது."