வாயில் போட்டதெல்லாம்

என் வீட்டுக்காரர் கஸ்பாருக்குத் தொண்டைதான் உயிர். ரிட்டயர் ஆகும்வரை மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர்தான். ஆனால் கோடைக்கானலை ஒட்டின எங்கள் செண்பகனூரில் யாரைக் கேட்டாலும் பாட்டுக்கார கஸ்பார் என்றுதான் சொல்வார்கள். பெரிய வெள்ளியன்று கோயிலில் இயேசுவின் சிலுவைச் சாவைச் சொல்கிற திருப்பாடுகளைப் பாடும்போது இயேசு பேசுகிற இடமெல்லாம் அவருடையது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்ட இடம், இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு மகள் ஜென்சியைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தோம். அவள் அங்கே ஒரு ஓட்டலில் கேக் போடுகிறாள். கோடைக்கானல் குளிரில் ஒரு தும்மல்கூடப் போடாத மனுசன், அந்த ஊர் ஏசியில் இருமலைப் பிடித்துக்கொண்டார். இருமல் விடுகிற மாதிரி இல்லை என்றதும் ஜென்சி எங்களை லிம் என்ற சீன வைத்தியரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போனது. மூன்று விரல் வைத்து இரண்டு கையிலும் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வெந்நீர் பிடிக்குமா பச்சைத் தண்ணீர் பிடிக்குமா, சளி வெள்ளையா மஞ்சளா, எந்நேரத்தில் இருமல் அதிகம் என்று பொறுமையாகக் கேட்டார். குளிர்ச்சி உள்ளே இறங்கியிருக்கிறது, அதைச் சூட்டு மூலிகை கொடுத்து வெளியேற்ற வேண்டும் என்றார். இதைச் சொல்ல சீனா எதற்கு, எங்கள் அம்மாவே சொல்லியிருப்பாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து சேர்க்கிற விதத்தையும் ஜென்சி மூலமாகச் சொன்னார். ஒரு மூலிகை ராஜா, ஒன்று மந்திரி, கூட உதவிக்கு இரண்டு மூன்று. கடைசியில் இவர்களையெல்லாம் சண்டை போடாமல் சேர்த்து வைக்க ஒன்று. எங்கள் வீட்டில் அந்தக் கடைசி ஆள் நான்தான் என்றேன். ஜென்சி அதை மொழிபெயர்க்கவில்லை.

எழுந்திருக்கும்போது, அப்பா வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று அந்த அம்மா கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு மாத்திரைகூடக் கிடையாது என்றார்.

பொடியைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கொடுத்தார்கள். காலையும் மாலையும் வெந்நீரில் கரைத்துக் குடித்தார். தவக்காலம் பிறக்கும்போது இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. சீனாக்காரன் சீனாக்காரன்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசினார். நானும்தான் பேசினேன்.

அப்புறம் கால் வீங்க ஆரம்பித்தது. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறுகிற மேட்டில், பாதியில் கல்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பாட்டுப் பயிற்சியில் நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் மூச்சு போதவில்லை. டவுனில் இருக்கிற டாக்டர் சௌம்யாவிடம் கூட்டிப்போனேன். பிரஷர் எங்கேயோ ஏறிக் கிடந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் சீனப் பொடியைக் காட்டி, இது மட்டும்தான் என்றார். சௌம்யா முகம் சுளிக்கவில்லை. இப்போதைக்கு நிறுத்துங்கள், இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பிரஷருக்கு மாத்திரையும் பொட்டாசியம் சிரப்பும் எழுதிக்கொடுத்து, தினம் மலை வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார்.

கேட்கிறேன் என்று ஜென்சி சொன்னாள், வேலை மும்முரத்தில் தள்ளிப்போனது. பொடியை நிறுத்தினோம், பழம் சீப்புச் சீப்பாகப் போனது, வீக்கம் மட்டும் போகவில்லை. அடுத்த வாரம் பிரஷர் முன்னைவிட ஒரு படி மேலே இருந்தது. இப்படியே போனால் மதுரைக்கு அனுப்ப வேண்டிவரும், இருதயம் தாங்காது என்றார் சௌம்யா. பாட்டெல்லாம் இந்த வருசம் வேண்டாம் என்றும் சொன்னார். பங்குச் சாமி காதுக்கும் அது போய், இயேசுவின் பகுதியை டெனிஸைப் பழகச் சொல்லிவிட்டார். டெனிஸ் நல்ல பையன், குரலும் சுத்தம். ஆனாலும் அன்று ராத்திரி கஸ்பார் சாப்பிடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டு போனால் போகட்டும், இந்த ஆள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்றுதான் ஓடியது.

ரோட்டோரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. தைலம், ஹோம்மேட் சாக்லேட், மலைப்பூண்டு, கொஞ்சம் மூலிகைச் சாமான். மறுநாள் ஒரே மூட்டம், ஒரு டூரிஸ்ட் வண்டிகூட நிற்கவில்லை. கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், மிச்சமிருந்த சீனப் பொடியையெல்லாம் கிழித்துச் சாக்கடையில் கொட்ட ஆரம்பித்தேன். விரலெல்லாம் பொடி. இத்தனை நாளாக அவருக்குக் கலக்கிக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு விரலை நக்கினேன்.

முதலில் கசந்தது. பிறகு இஞ்சி போல ஏதோ சுள்ளென்றது. எல்லாம் அடங்கின பிறகு தொண்டையில் ஒரு தித்திப்பு தங்கிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அந்தத் தித்திப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உடனே ஜென்சிக்குப் போன் போட்டு, வேலை கிடக்கட்டும், இப்போதே அந்த அம்மாவைக் கேள் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, கடைசியா ஒண்ணு சேப்பாங்கன்னு சொன்னாங்கல்ல, எல்லாத்தையும் சண்டையில்லாம வைக்கிறதுக்கு? அது நம்ம அதிமதுரந்தானாம். அளவா இருந்தா ஒண்ணும் செய்யாதாம். அப்பா தனியா வேற அதைச் சாப்பிடுறாரான்னு கேக்குறாங்க."

நான் தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தேன். அதிமதுர வேர் போட்டு வைத்திருக்கிற கண்ணாடிப் பாட்டிலின் அடியில் நாலு துண்டுதான் கிடந்தது. அதை விலைக்குக் கேட்டு யாரும் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மனுசன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. சட்டைப் பையில் கைவிட்டேன். ஒரு கை நிறைய வேர் வந்தது.

"என்னங்க இது? வேற எதும் சாப்பிடலைன்னு அங்கயும் சொன்னீங்க, இங்கயும் சொன்னீங்க."

"மருந்து சாப்பிடுறீங்களான்னுதானம்மா கேட்டாங்க? இது என்ன மருந்தா? சும்மா வாயில கெடக்குறது. பொடிய வேற நிறுத்தியாச்சா, தொண்டை வறண்டுச்சு. அதான் கொஞ்சம் கூடப் போட்டேன்."

பாடகன் தொண்டைக்கு அதிமதுரம் மெல்லுவது எங்கள் பக்கத்தில் வெற்றிலை போடுகிற மாதிரி, ஒருத்தரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன், ஏசிக்கொண்டே அழுதேன். பயம் விட்டுப்போன அழுகை அது.

மறுநாள் வெள்ளனே சௌம்யாவிடம் போய் வேரை மேஜைமேல் வைத்தேன். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். இந்த வேர் அளவு மீறினால் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும் என்றார். பொடியிலும் அதுவே, பையிலும் அதுவே என்றால் உடம்பு என்ன செய்யும்? ஜென்சியை நடுவில் வைத்து லிம் அம்மாவோடும் போனில் பேசினார். இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அதிமதுரம் எந்த ரூபத்திலும் கூடாது. பிரஷர் இறங்கின பிறகும் இருமல் இருந்தால் அது சேராத பொடி, அதையும் சௌம்யா பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான்.

"மருந்து என்ன சாப்பிடுறீங்கன்னு இனிமே யாரையும் கேக்கமாட்டேன்," என்றார் சௌம்யா. "காலையில இருந்து வாயில என்னவெல்லாம் போட்டீங்கன்னுதான் கேப்பேன்."

வேரை நிறுத்தினதும் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று பழைய செருப்பு காலில் ஏறியது. பிரஷரைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு பாடுவதென்றால் பாடட்டும் என்று சௌம்யா சொன்னார். சாமியும் சரி என்றார், டெனிஸ் பக்கத்தில் தயாராக இருக்கட்டும் என்றார். கஸ்பாருக்குத்தான் நம்பிக்கை இல்லை. அதிமதுரம் இல்லாமல் அவர் ஒரு பெரிய வெள்ளியும் பாடினதில்லை. வெறும் வாயோடு எப்படிப் பாடுவது என்று என்னிடம் நூறு தடவை கேட்டுவிட்டார்.

பெரிய வெள்ளி மத்தியானம் கோயில் நிறைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டு வெறுமனே திரும்பியது. ஆரம்பத்தில் குரல் கரகரத்தது. டெனிஸ் அவரைப் பார்த்தான், நானும் பார்த்தேன். எப்படியோ இழுத்துக்கொண்டு போனார். சிலுவையில் தொங்குகிற இயேசு தாகமென்று சொல்கிற இடம் வந்தது. அங்கே தொண்டை சுத்தமாக வறண்டு, குரல் உடைந்து, பாதி காற்றாகத்தான் வந்தது.

எத்தனையோ வருசமாக அந்த இடத்தை அவர் தேன் குரலில் பாடிக் கேட்டிருக்கிறேன். நன்றாக இருக்கும், ஆனால் தாகம் தெரிந்ததில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி வரைக்கும் அவரேதான் பாடினார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி மூடியைத் திறந்தார், குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் போடலையே?"

"வெறும் தண்ணிதாங்க. குடிங்க," என்றேன்.