லென்சுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று ஊரே வண்டிக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்தது. என் வீட்டுக்காரர் தமிழரசன் என் கேமரா லென்சுக்கு வைத்தார். பக்கவாட்டில் இல்லை, நேராகக் கண்ணாடியின் நடுவில். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றி, மேலே குங்குமத்தை அப்பி, சூடம் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தன்னுடைய லென்சுக்கும் வைத்தார். மூடியைப் போட்டுவிட்டு, மூடியின் மேல். அவ்வளவு விவரமான பக்தி.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் ஸ்டுடியோ. இரண்டு லென்சும் என் அண்ணன் தலை தீபாவளி சீராகக் கொடுத்தவை. மாப்பிள்ளைக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. மாறிவிடக் கூடாதே என்று இவர் தன் லென்சின் உடம்பில் வெள்ளைப் பெயிண்டால் பெயர் எழுதி வைத்திருக்கிறார். என்னுடையதில் ஒன்றும் எழுதவில்லை. நான் ஆல்பம் ஒட்டவும் கடையைப் பெருக்கவும் இருப்பவள்தானே, சுபஸ்ரீ என்று எழுதி எதற்குப் பெயிண்டை வீணாக்குவது?

அந்த வாரம்தான் திருநாவலூரிலிருந்து பச்சையம்மாள் என்ற அம்மா போன் செய்திருந்தார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஆம்பளை நிற்க வேண்டாம், வெள்ளிக்கிழமை நீயே வந்து படம் பிடி என்றார். எனக்கென்று வந்த முதல் வேலை. சந்தோஷத்தில் அன்று சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

பூஜைக்கு மறுநாள் லென்சின் வளையத்தைத் திருப்பினால் கரகரவென்று பாதியில் நிற்கிறது. சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டது. உங்களுடையதையாவது வெள்ளிக்கிழமைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அது தொழில் லென்சு, வெளியே கொடுப்பதில்லை என்றார். வெளியே என்றால் நான்.

சரி, நானே பிரித்துச் சுத்தம் செய்கிறேன் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் லென்சு சர்வீஸ் கடையில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தபோது அதைப் பெருமையாகச் சொன்னார்கள். தாலி ஏறியதும் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. பொம்பளை கை நடுங்கும், இது நுணுக்கமான வேலை என்று இவர் மறித்துவிட்டார். செல்லில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாராம், அதுவும் முழுசாக.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவரை உட்காரவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிராக இரண்டு சிறு பள்ளம் இருக்கும். அதற்கென்று இரட்டை முனைச் சாவி இருக்கிறது, என் பெட்டியிலேயே இருக்கிறது. இந்த மகராசன் எதிர்வீட்டுப் பிள்ளையின் ஜாமெண்ட்ரி பாக்சிலிருந்து கவராயத்தை வாங்கிவந்து, அதன் முள்ளால் நெம்பியிருக்கிறார். முள் வழுக்கி, கண்ணாடியில் குறுக்காக ஒரு கோடு.

அவர் லென்சைத் தூக்கிப் பார்த்தார், வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"கீறல்லாம் இல்ல. சும்மா கறை. படத்துல தெரியாது, போ."

சொல்லிவிட்டு மறுநாள் காலையில் மூங்கில்துறைப்பட்டில் பங்காளி வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டார். தொழில் லென்சு பீரோவில் இருந்தது. பூட்டிய சாவி வழக்கம்போல சாமி படத்துக்குப் பின்னால்.

இரண்டு லென்சையும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். முன்பக்கத்தில் கம்பெனிப் பெயர் பொறித்த வளையத்தை ரப்பரால் அழுத்தித் திருப்பினேன், வழுவழுவென்று வந்தது. எது எங்கே இருந்தது என்று பென்சிலால் குறி போட்டேன். முனை வழுக்கினாலும் படாதபடி கண்ணாடியின் மேல் பேப்பர் டேப்பை ஒட்டி, அப்புறம்தான் சாவியைப் பள்ளத்தில் வைத்தேன். அழுத்தவில்லை. அழுத்துகிற கைக்குத்தான் கண்ணாடி உடையும். ரப்பர் உறிஞ்சியால் கண்ணாடியைத் தூக்கும்போது மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டேன். இடுக்கில் இருந்த சந்தனத்தையெல்லாம் சுரண்டித் துடைத்தேன். அவருடைய கண்ணாடி என் லென்சுக்குள் போயிற்று. என்னுடைய கண்ணாடி, அவர் போட்ட கோட்டோடு, அவருடைய லென்சுக்குள் போயிற்று. பெயரை உடம்பில்தானே எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை திருநாவலூரில் எடுத்த படங்கள் கண்ணாடி மாதிரி வந்தன. பெண்ணின் கன்னத்தில் நின்ற மஞ்சள் தண்ணீர்ச் சொட்டுகூடத் தெரிந்தது. பச்சையம்மாள் அழுதுவிட்டார், அடுத்து மருமகள் வளைகாப்புக்கும் நீதான் என்றார். என் வீட்டுக்காரர் அந்தப் படங்களை டீக்கடையில் செல்லில் காட்டி, நான் கழட்டி மாட்டின லென்சு, எப்படிப் பேசுது பார் என்று மூன்று பேரிடம் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண ஜோடியை அழைத்துக்கொண்டு தொழில் லென்சோடு கல்வராயன் மலைக்குப் போனார். வெயிலுக்கு எதிரே நிறுத்தி எடுத்தால்தான் கலை என்பது அவர் கொள்கை. வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வெயிலுக்கு எதிரே எடுத்த படத்திலெல்லாம் வெளிச்சம் அந்தக் கோட்டில் பட்டுச் சிதறி, பொண்ணு மாப்பிள்ளை முகம் அடுப்புப் புகைக்குள் நிற்கிறது. முதலில் மலைப்பனி என்றார். அன்றைக்கு மலையில் சுட்டெரிக்கும் வெயில். அப்புறம் லென்சைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். என் லென்சையும் எடுத்துப் பார்த்தார். தன் லென்சில் எழுதிய பெயரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னா சுபா இது? என் லென்சுல கீறல் இருக்குது."

நான் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து நிதானமாகப் பார்த்தேன்.

"கீறல்லாம் இல்லைங்க. சும்மா கறை. படத்துல தெரியாது."

வாயைத் திறந்தார். அது நீ மாத்தின கண்ணாடி என்று சொன்னால், கீறியது யார் என்பதையும் சொல்ல வேண்டும். என் கை நடுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டார்.

எதிர்வீட்டுப் பிள்ளையின் கவராயம் இன்னும் மேசையில்தான் கிடந்தது. எடுத்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.